நாலரைக்குக் கொஞ்சம் மேலே

சிங்காநல்லூர் ஷெட்டில்
வண்டியின் பின்பக்கம் ஜாக்கியில் நிற்கிறது.
ஒரு சக்கரத்துக்குச் செங்கல் முட்டு,
மறு சக்கரத்தில் சாக்பீஸ் கோடு.
நான் இரண்டு சுற்றுச் சுற்ற
அடியில் மல்லாந்து கிடக்கும் சௌடேஸ்வரி
ஷாஃப்டை எண்ணுகிறாள்:
"நாலரை. கொஞ்சம் மேலயே."

மேனுவல் சொல்வது வேறு.
கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.
கருங்கிரீஸ், அதன் கீழே சிவப்புப் பெயின்ட்,
அதன் கீழும் ஒரு பெயின்ட்,
அப்புறம் மூன்று எண்கள்.
நாலாவதை யாரோ வெல்டிங் வைத்து
மூடியிருக்கிறார்கள்.

துருப்பிடித்த டிரம் கழலும் முன்பே
புத்தகத்தை நம்பி மூன்று வாரம்
எட்டு இஞ்சுக்கு அலைந்தாயிற்று:
பொள்ளாச்சி, ஈரோடு, பவானியில் ஒரு மாட்டுக்கொட்டாய்.
எல்லா இடத்திலும் "இல்லைங்க".
சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

உக்கடம், பழைய இரும்புக் கடை.
தேய்ந்த பிரேக் ஷூவைச் செய்தித்தாளில் சுற்றி
மீன் வாங்கியவன் போலக் கொண்டுபோனேன்.
காஜா மொய்தீன் அதை முகர்ந்தார்,
நிஜமாகவே முகர்ந்தார்.
"இது உங்க வண்டியோடதே இல்லைங்.
ஏதோ வேன் அச்சு. ஒம்பது இஞ்சு."

வீல் சிலிண்டர் ஒன்று கிடைத்தது.
இன்னொன்றைக் கணபதியில்
லேத்தில் கடையச் சொல்லியிருக்கிறது.
லைனிங்குக்குப் பித்தளை ரிவெட்தான்.

பின்னச்சு முறிந்த ஏதோ ஒரு நாள்
தாராபுரம் ரோட்டு வெயிலில் யாரோ
பொருந்தாததைப் பொருத்தி
வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"ஒரிஜினல் தேடலாமா?" என்கிறாள் சௌடேஸ்வரி.

மேனுவலின் பின்னட்டையில்
பென்சிலால் எழுதுகிறேன்:
ஒன்பது.