மட்டம்

இரண்டு அங்குலம் உயர்த்தியதில்
ஜீப்புக்குக் கொஞ்சம் கர்வம் கூடியிருந்தது.
பொரளைச் சுற்றுவட்டத்தில் திரும்பினால்
தலைப்பாகை கனத்த மாப்பிள்ளைபோல்
ஒரு பக்கம் சரியும்.
புது ஸ்பிரிங், புது ஷாக்.
பழைய லிங்க் இரண்டும் மட்டும்
பஸ் கம்பியில் தொங்கும் சின்னப் பிள்ளையின் கையாக
எட்டாமல் இழுபட்டு நின்றன.

பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கி
நாலாவதில் வாங்கினேன் இந்த ஸ்வே பாரை.
மஞ்சள் பூச்சு. என் பெருவிரலைவிடத் தடிப்பு.
இரு நுனியிலும் மும்மூன்று துளை.
உள்துளையில் போட்டால் விறைப்பு,
வெளித்துளையில் இளக்கம் என்று
சம்பந்தம் பேசுகிறவர் மாதிரி
இரண்டையும் ஒரே குரலில் புகழ்ந்தார் கடைக்காரர்.
நான் நடுத்துளை என்றேன்.

மாளிகாவத்தையில் ரிஸ்கான் பாஸின் கராஜ்
ஒழுங்கையின் கடைசி.
அங்கே தரை கானை நோக்கிச் சரிகிறது;
மழைக்கு நல்லது, அளவுக்கு ஆகாது.
முதல் நாள் ஜாக்கில் தூக்கி
சில்லுகள் அந்தரத்தில் தொங்கத் தொங்க
லிங்கை முடுக்கிவிட்டோம்.
இறக்கியதும் ஜீப்பின் முகம் கோணிற்று.
ஸ்பிரிங்கைச் சந்தேகித்தோம்,
ரயர்க் காற்றைச் சந்தேகித்தோம்,
பிறகுதான் ஒழுங்கையைச் சந்தேகித்தோம்.

கொழும்பில் மட்டமான தரை எங்கே இருக்கிறது?
சட்டைப்பையில் ஒரு பேரிங் குண்டோடு
பின்சீட்டில் ஏறினான் இசுரு.
பெற்றோல் ஷெட்டில் குண்டு றோட்டைப் பார்த்து ஓடியது.
காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து.
தெமட்டகொடையில் ஒரு கல்யாண மண்டப வாசலில்
குண்டு நின்றது;
காவலாளி எங்களை நிற்கவிடவில்லை.

திரும்பி வந்தோம்.
ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பி
இரு முனையிலும் அது ஒரே கோட்டில் நிற்கும்வரை
சில்லுகளுக்குக் கீழே பலகை செருகினான்.

"இப்ப ஏறி இரிங்க மிஸ்,
ஒங்கட பாரத்தோடதான் இது நிக்கோணும்."
ஏறினேன்.
அறுபத்தெட்டுக் கிலோ. அவர் கேட்கவில்லை;
ஸ்பிரிங் சொல்லிக்கொடுத்தது.
வலது லிங்க் பூட்டியாயிற்று.
இடதில் லிங்கின் துளையும் பாரின் துளையும்
பிறையளவு விலகி நின்றன.
வண்டிக்கடியில் இருந்து குரல் வந்தது:
"பக்கத்து சீட்ல வழமையா ஆரும் ஈப்பாங்களா?"

அளவுக்குத்தான் கேட்டார்.

டாஷ்போர்ட் பெட்டிக்குள்
அவனுடைய கறுப்புக் கண்ணாடி இன்னும் கிடக்கிறது.
நீண்ட கால்களுக்காகப் பின்னுக்குத் தள்ளிய சீட்டை
நான் முன்னுக்கு இழுக்கவில்லை.
ஒரு மழைக்காலம் முழுக்க அதில் இருந்து வந்தவை
குடையும் முட்டைப் பெட்டியும்.

"இல்லை," என்றேன். "தனியத்தான்."

"செரி."
லிங்கின் கழுத்தை ஒரு சுற்று, பிறகு அரைச் சுற்று.
சுத்தியலை நீட்டிய இசுருவுக்கு ஏச்சு:
"அடிச்சுப் போற போல்ட் பொறகு திருப்பி அடிக்கும்டா.
வெரலால தள்ளினாப் போகோணும்."
போனது.
ஒரு சின்ன 'ளொக்'.

புஷ்ஷுக்குக் கிரீஸ். ஸ்டியரிங்கை இரு பக்கமும்
முட்ட ஒடித்து, பிரேக் குழாயில் உரசுகிறதா என்று பார்வை.
சனிக்கிழமை மீமுரேப் பாதையில்
பின்னை உருவிவிட்டால் போதுமாம்,
சில்லுகள் அததன் பாட்டில் கல் ஏறும்.
"வாற நேரம் மறக்காமப் பூட்டுங்க."
காசைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்:
பிறகு யாராவது ஏறினால்?
"வாங்க. அரைச் சுத்துத்தானே."

பேஸ்லைன் வீதி. பொரளை. அதே சுற்றுவட்டம்.
ஜீப் நிமிர்ந்தபடி திரும்பியது.
அப்பால் ஒரு குழியில் இடச்சில்லு விழ,
விழுந்த சேதி பாருக்குள் முறுகி
வலப்பக்கம் வந்து என் இருக்கையைத் தொட்டது.
சீட்டுக்கடியில் ஏதோ உருண்டது.
இசுருவின் குண்டு.
சிவப்பில் நான் நிற்க அதுவும் நின்றது.
பச்சை விழுந்ததும்
பின்னுக்கு ஓடி எங்கோ முட்டிக்கொண்டது.