தொட்டால் ஆடியே ஆகவேண்டும்

போனில் கேட்டார்கள்: குழந்தை பேரு?
ரூபாவதி என்றேன்.
வயசு?
முப்பத்தெட்டு.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
ஒரு மின்விசிறியின் சத்தம் மட்டும்.
பிறகு, சரிங்க மேடம்,
நானூறு ரூபா, ஞாயித்துக்கிழமை ஒன்பது மணி,
பேனா கொண்டு வந்துடுங்க.

பேனா.
ஆறு வருஷமாய் ஆடுகிறேன்,
பேனா தேவைப்பட்டதே இல்லை.
நைட் டியூட்டியில், ரத்தக் குழாய்கள்
மெஷினில் சுழலும் பத்து நிமிஷத்துக்குள்
எந்த நாடென்றே தெரியாத ஒருவனிடம் தோற்று
செல்லைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வேன்.
எங்கெல்லாம் போகலாம் என்று
புள்ளி வைத்துக் காட்டும் திரை.
கூடாத இடத்துக்கு இழுத்தால்
காயைத் திருப்பி வைத்துவிடும், திட்டாது.
தோற்கும்போது என் முகத்தை
இதுவரை யாரும் பார்த்ததில்லை.

லாங் பஜாரில் சுருட்டு போர்டு, இருநூற்றெண்பது.
விரித்தால் நாலு மூலையும் மேலே எழும்பியது:
ஒரு மூலைக்குப் புளி டப்பா, ஒன்றுக்கு இஸ்திரிப் பெட்டி.
கறுப்பில் ஒரு சிப்பாய் குறைந்தது.
புதுக் குழாய் ஒன்றின் ஊதா மூடியை
அந்தக் கட்டத்தில் நிறுத்தினேன்.

நிஜக் காய்களுக்கு உயரம் இருக்கிறது.
குதிரைக்குப் பின்னால் பிஷப் ஒளிந்துகொள்கிறது.
எதிரே தணிகாசலம். ஆடத் தெரியாது அவருக்கு;
எதிரில் ஒரு ஆள் மூச்சு விடுவது
எனக்குப் பழகினால் போதும்.
யானைங்கிறே, கொத்தளம் மாதிரில்ல இருக்கு?
ஆட்டத்துல பேசக்கூடாது என்றேன்.
கடிகாரத்துக்குப் பதில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து
நகர்த்திய கையாலேயே தட்டினேன்.
தட்டினால் எழுத மறந்தது, எழுதினால் தட்ட மறந்தது.
பி என்று தொடங்கிய ஒரு நகர்வை
பி பாசிட்டிவ் என்று முடித்திருக்கிறேன்.

கோட்டை கட்ட முதலில் ராஜாவைத் தொடணும்.
யானையைத் தொட்டுவிட்டால் யானை மட்டும்தான் போகும்,
ராஜா நடுத்தெருவில் நிற்பான்.
ராஜா இல்லாத கோட்டை என்று
தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் ஊரில்
ஒரு வாரமாய் இதே பாடம்:
ராஜா இரண்டு கட்டம். அப்புறம் யானை. ஒரே கை.
ராஜா இரண்டு கட்டம்.
பால் பொங்கியதைத் தணிகாசலம்தான் இறக்கினார்.

பதினாறு வருஷம் ஊசி பிடித்த கை, நடுங்காது.
ஆனால் அது தொட்டுப் பார்க்கிற கை.
நரம்பைத் தடவுவேன், அழுத்துவேன்,
சரிப்படாவிட்டால்
அந்தக் கையக் காட்டுங்க என்பேன்.
தொட்டதையெல்லாம் குத்தியிருந்தால்
வார்டில் யார் மிஞ்சுவார்கள்?
இப்போது யோசிக்கும்போதெல்லாம்
இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் வைத்து
மேலே உட்கார்ந்துகொள்கிறேன்.

சனி ராத்திரிக்கு மாற்றாள் கிடைக்கவில்லை.
நாலரை மணிக்கு முப்பத்திரண்டாம் படுக்கை,
குடியாத்தத்துக்காரர், நரம்பே தட்டுப்படாத கை.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டார்:
முடிஞ்சிடுச்சா?
இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க.

ஏழரைக்குக் காட்பாடி டவுன் பஸ்.
பையில் இரண்டு பேனா, தயிர்சாதம்,
எப்படியோ கூடவே வந்துவிட்ட ஊதா மூடி.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
கீழே மணல், நாணல், கோடு கிழித்த மாதிரி தண்ணீர்.
எனக்கு எதிரே உட்காரப் போகிறவனுக்கு
எட்டு வயது இருக்கலாம். கால் தரைக்கு எட்டாது.
அவன் அம்மா வாசலில் பிளாஸ்க்கோடு நிற்பாள்.
அவனிடம் தோற்றால்
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?
அதற்கு நான் பயிற்சி எடுக்கவில்லை.

காய் கோணலாய் நின்றால் மட்டும் தொடலாமாம்,
தொடுமுன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.
ஜன்னல் கம்பியைப் பார்த்து
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்:
அட்ஜஸ்ட்.

பக்கத்து சீட்டு அம்மா
முள்ளுக் கத்தரிக்காய்ப் பையைத் தூக்கி
மடியில் வைத்துக்கொண்டு
நாலு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தாள்.