இடது பாதி

நார்ப்பெஸில் பிப்ரவரி.
பசுமைக்கூடத்தின் கூரைமேல் பனி
ஏறி உட்கார்ந்திருந்தது.
தக்காளிக் கொடிக்கு நூல் கட்டிக்கொண்டு குனிந்திருந்தேன்.
கண்ணாடி முதலில் முனகியது.
பிறகு வந்தது.

ஒரு சில்லு. உள்ளங்கை அகலம்கூட இல்லை.
தோள்பட்டைகளுக்குக் கீழே, நடுக்கோட்டுக்கு
ஒரு நகக்கண் இடப்புறம்.
"தண்டுவடத்தில் பாதிதான் அறுந்திருக்கிறது, குன்வோர்"
என்றார் வாசா நகரத்து மருத்துவர்,
பாதி என்பது
ஏதோ தள்ளுபடி விலை போல.

மறுநாள் பரீட்சை.
இடக்காலை அசை என்றார்.
அசைத்தேன் என்றுதான் நினைத்தேன்.
குண்டூசியால் குத்தினார்: ஐயோ.
வலக்காலை அசை. அசைந்தது.
"குத்துங்கள்" என்றேன்.
"குத்திவிட்டேன்."

இசைக்கவையைத் தட்டிக் கணுக்காலில் வைத்தார்.
வலக்காலில் தேனீப்பெட்டி.
இடக்காலில் குளிர்ந்த இரும்பு, அவ்வளவே.

என் காய்ச்சல் அட்டையின் பின்புறம் கோடு இழுத்துக் காட்டினார்:
இடக்காலுக்கான கட்டளை வலது மூளையில் பிறந்து
பிடரிக்குள் பக்கம் மாறி
நேரே இறங்குகிறது.
வலக்காலின் சூடும் குத்தலும்
வடத்துக்குள் நுழைந்த கையோடு
இடப்பக்கம் தாவி மேலேறுகின்றன.
அதிர்வுக்கு அந்த அவசரம் இல்லை;
வந்த பக்கமே ஏறி, பிடரியில்தான் மாறும்.
ஆக எல்லாருக்கும் சந்திப்பு
என் கண்ணாடியில்.

"யார் இப்படி இழை ஓட்டினார்கள்?"
அவர் பேனாவை மூடினார்.

ஏப்ரலில் ரூனார் என்னைச் சாவுனாவுக்குத் தூக்கிப் போனான்.
நாற்று விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.
ஏதோ கருகுகிறது என்றான்.
கொத்திறைச்சிக் குழல்தான், வேறென்ன என்றேன்.
குழல் இன்னும் காகிதத்துக்குள் இருந்தது.

என் வலது பாதம்
அடுப்பின் இரும்பில் சாய்ந்திருந்தது,
அடுத்தவர் வீட்டுப் பூனை மாதிரி சொகுசாக.

அவன் பாய்ந்தான், அகப்பை கவிழ்ந்தது,
கொதிநீர் இடக்காலில்.
இடக்கால்
சட்டென மடங்கி உள்ளே வந்தது.

இரண்டு மாதமாக நான் கெஞ்சிய கால்.
அதட்டிய கால்.
விரலுக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்ட கால்.
இதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டியிருக்கவில்லை;
காயத்துக்குக் கீழே, இடுப்புப் பக்கத்தில்,
யாரோ ஒரு சின்ன எழுத்தர்
விண்ணப்பத்தைப் படித்த கையோடு
முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.
வலி எனக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது,
நகல் போல.

ரூனார் அழுதான், சந்தோஷத்தில்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

இப்போது குளிக்குமுன்
இடக்காலை இரு கையாலும் தூக்கித் தொட்டியில் விடுகிறேன்.
அது சொன்னால்தான் வலக்கால் இறங்கும்.
வெளியே போகும்போது வலக்கால் நடக்கும்,
இடது கூட வரும்.
சூடு தெரிந்தது நடக்காது,
நடப்பதற்குச் சூடு தெரியாது.
இரண்டும் நேரில் பேசிக்கொள்வதில்லை.

விளக்கணைந்த பின்
இடக்கால் எங்கே கிடக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
மடங்கியா, நீட்டியா,
கட்டிலுக்கு வெளியிலா.
ரூனார் தூக்கத்திலேயே கை நீட்டித் தேடுவான்.
தொட்டால் தெரியும்,
அந்தத் தொடுகைக்கு மட்டும் வேறொரு வழி இருக்கிறதாம்.
"இங்கே" என்பான்.