இடது கண்ணில் மட்டும்

முதலில் இடது காலில் நிற்க வேண்டும்.
ஒரு சொடுக்கு.
கேமராவைத் தாழ்த்தாமல்
உடம்பின் பாரத்தை வலது காலுக்கு மாற்றி
இன்னொரு சொடுக்கு.
அவ்வளவுதான் வித்தை,
இரண்டரை அங்குலத் தள்ளாட்டம்.
சசூன் டாக்கில் ஒரு விடியற்காலை
காவலர் என் வாயை ஊதச் சொன்னார்.

திரும்பும் ஹார்பர் ரயிலில்
போனில் இரண்டு படத்தையும் அருகருகே வைத்து
மூக்கு நுனியைத் தேடுவதுபோல் கண்ணைக் கோணுவேன்.
இரண்டு மூன்றாகும்.
நடுவில் இருப்பது மெல்லத் திறந்து
ஐஸ் பாளம் முன்னால் வரும்,
படகு பின்னால் போகும்,
நடுவே ஒரு ஆள் நடந்துபோகலாம்,
அவ்வளவு காற்று.
எதிர் இருக்கைப் பையன்
தானும் மாறுகண் போட்டுக் காட்டினான்.
அவன் அம்மா அவனை அடித்தாள்,
என்னைப் பார்த்துக்கொண்டே.

இரண்டாம் ஞாயிறுகளில்
மாட்டுங்கா மேம்பாலத்தின் அடியில் ஆறு பேர் கூடுவோம்.
சுலபா கர்கானிஸ் கேமரா தொடாதவள்.
பகலில் எல்.ஐ.சி., இரவில் டேப்லெட்டில்
மிட்டி ஆற்றை வரைகிறாள், இரண்டிரண்டு முறை.
வலக்கண் படத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை
மூன்று புள்ளி இடப்புறம் தள்ளினால் மிதக்கும்,
வலப்புறம் தள்ளினால் மூழ்கும்.
நானூறு பைகள்.
ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆழம்.
இரவு இரண்டு மணிக்கு அனுப்பிவிட்டு
"பார்த்தீங்களா?" என்பாள், இரண்டு ஐந்துக்கு.

இம்தியாஸ் ஒருமுறை
இடத்தை வலமாக ஒட்டிவிட்டான்.
நரிமன் பாயின்ட் கட்டடங்கள் குழிகளாகிப் பின்வாங்க,
கடல் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது.
தப்பு என்று சொல்ல
எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

படம் பார்க்கும் பெட்டி செய்பவன் நெவில் பட்லிவாலா.
செருப்புப் பெட்டி, சோர் பஜார் லென்ஸ், கறுப்பு டேப்.
மயிரிழை பிசகாது.
பதினாலு வயதில் ஒரு கிரிக்கெட் பந்து
அவன் வலது கண்ணை எடுத்துக்கொண்டது.
"சர்க்கரை வியாதிக்காரன் ஜிலேபி பிழியறேன்"
என்று அவனே சொல்லிச் சிரித்துவிடுவதால்
நாங்கள் சிரிக்க வேண்டியதில்லை.

போன கூட்டத்துக்கு நான் கொண்டுபோனது
அந்த விடியற்காலைப் படம்.
இடது காலில் நின்றபோது
கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒருத்தி,
தலையில் கூடை,
நேராக என்னைப் பார்க்கிறாள்.
வலது காலுக்கு மாறியபோது
அவள் இருந்த இடத்தில் தூண்.

பெட்டிக்குள் அவள் துடித்தாள்.
இருக்கிறாள், இல்லை,
இருக்கிறாள்,
நெஞ்சுக்குள் தூணின் சுண்ணாம்பு தெரிய.
"தலை வலிக்குது" என்றான் இம்தியாஸ்.
"வெட்டிடு. இல்லேன்னா வலதுலயும்
அவளை வரைஞ்சு தர்றேன், அரை மணி நேர வேலை"
என்றாள் சுலபா.

நெவில் வாங்கிக் கண்ணில் வைத்தான்.
வைத்தது வைத்தபடி
வெகுநேரம்.
மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
"யாரை வெட்டணும்?
இவளையா துடிக்கிறாங்கிறீங்க?
கல்லு மாதிரி நிக்கிறாளே."

ஒருவர் ஒருவராக நாங்கள்
வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தோம்.
நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்
நாங்கள் அவருக்குக் கண்ணடிப்பதாக நினைத்திருக்கலாம்.
ஆழமில்லை, காற்றில்லை,
தாளில் ஒட்டியதுபோலத்தான்.
ஆனால் நின்றாள்.
கூடையின் விளிம்பில் ஒரு இறால் மீசைகூடத் தெரிந்தது.

வெட்டவில்லை. வரையவும் விடவில்லை.
மற்றவர்களுக்கு ஜோடியாக அனுப்பினேன்,
நெவிலுக்கு இடதை மட்டும்.
"பாதி விலைதானே?" என்று பதில் போட்டான்.

நேற்று மறுபடி சசூன் டாக்.
இடது காலில் நின்றேன்.
கூடைகள் வந்தன, போயின,
எதுவும் அந்தக் கூடை இல்லை.
கால் மரத்துப்போனது.
தூரத்திலிருந்து அந்தக் காவலர்
இன்றைக்கு நான் ஆடாமல் நிற்பதைப் பார்த்து
இன்னும் சந்தேகத்தோடு வந்துகொண்டிருந்தார்.