கிணற்றில் அரைப்பங்கு

ஐம்பத்திரண்டு வயதில்
சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு
வெள்ளவத்தையை விட்டு வந்தேன்.
முப்பது வருடம் காப்புறுதிக் கந்தோரில்
மற்றவர்களின் ஆபத்துகளுக்கு விலை போட்டவள்,
என் மிச்சக் காலத்துக்கும் கொப்பியில் கோடு கிழித்தேன்:
தண்ணீர், ஆஸ்பத்திரித் தூரம், மாரி வெள்ளம், இரவில் நாய்.
கடைசி நிரலுக்குத் தலைப்பு வரவில்லை.
வெறுமனே விட்டேன்.

தரகர் மகேந்திரலிங்கம் மோட்டார் சைக்கிளில் முன்னால்,
நான் ஓட்டோவில் பின்னால்.
முதல் நாள் அரியாலை.
வெயில் சாய, கடல்நீரேரி
கழுவிக் கவிழ்க்காத பித்தளைத் தட்டாய்க் கிடந்தது.
"காத்தைப் பாருங்கோ அக்கா,
காசு குடுத்தாலும் கிடையாது."
காற்றைப் பார்த்தேன். பிறகு வாளி கேட்டேன்.
ஒரு மிடறு.
நாக்கின் ஓரத்தில் உப்பு.
"குளிக்கலாம்" என்றார்.
"சோறு?"
"அதுக்குப் பவுசர் வரும்."

நல்லூரில் ஒரு பரப்பின் விலை சொன்னார்.
இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்,
காது பிழையோ என்று.

திருநெல்வேலியில் மேல்மாடி வீடு,
அறைக்கு நாலு கம்பஸ் பிள்ளைகள்,
கொடி முழுக்க ஈர ஜீன்ஸ்.
"வாடகைதான் உங்களுக்குப் பென்சன்."
கணக்குச் சரிதான்.
ஆனால் வேலையை விட்டு வந்தது
விடுதி நடத்தவோ?

கொக்குவில் வீட்டைக் காட்டியது
ஸ்காபரோவிலிருந்து ஒரு கைபேசி முகம்.
எல்லாம் தரலாம், மாமரத்தை வெட்டக்கூடாது,
காய்க்கிற காலம் படம் அனுப்பவேணும்.
"விக்கிறது வீட்டையோ, மரத்தையோ?" என்றேன்.
முகம் உறைந்து நின்றது.
சிக்னலோ, கோபமோ.

போன இடமெல்லாம் ஒரு கேள்வி மட்டும் முன்னுக்கு வந்து நின்றது.
"ஐயா எப்ப வருவார்?"
"ஐயா இல்லை."
"வெளியிலையோ?"
"எங்கையும் இல்லை."
மகேந்திரலிங்கம் ஹெல்மெட் வாரை
வெகுநேரம் இழுத்துச் சரிப்படுத்தினார்.
பிறகு, வேறெங்கோ பார்த்தபடி,
"அம்மாட ஆக்கள் எந்தப் பக்கம்?"
பரப்பிலும் குழியிலும் வராத அளவு அது.
வெள்ளவத்தை என்றேன்,
அதற்கு மேல் ஒரு சொல் கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் இருபாலை.
இரண்டு பரப்பு, ஓட்டு வீடு, ஒழுகிய குசினி.
உறுதியில் எழுதியிருந்தது:
கிணற்றில் அரைப்பங்கும் வழி வாய்க்காலும்.
கூட்டுக் கிணறு என்றால் கூட்டு வழக்கு என்று
சட்டத்தரணி போனில் எச்சரித்தார்.

மற்ற அரைப்பங்கு
கையெல்லாம் கிறீஸுடன் வேலியோரம் வந்தது.
திலகேஸ்வரி.
நான் ஆர், எவர் என்று ஒன்றும் கேளாமல்,
"விடிய ஐஞ்சிலையிருந்து ஆறரை மட்டும் மோட்டர் என்ரை.
மிளகாய்க்கு இறைக்கவேணும்.
பிறகு நீங்கள்.
துலாக் கயிறு இத்துப்போச்சு,
போனமுறை நான் மாத்தினது."

"நான் ஐஞ்சரைக்கு எழும்புவன்" என்றேன்.
"தேத்தண்ணிக்கு?"
"அள்ளுங்கோவன். வாளிக்கு ஆர் கணக்குப் பாக்கினம்?"

தண்ணீரில் உப்பில்லை. சுண்ணாம்பு உண்டு,
கேத்தில் வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டும்.
ஆஸ்பத்திரி ஆறு கிலோமீற்றர்.
நாய் இரண்டு, இரண்டும் அவளுடையவை.
மாரியில் வெள்ளம் எவ்வளவு என்றதற்குத்
தரகர் கணுக்காலைக் காட்டினார்,
அவள் குனியாமலே முழங்காலைக் காட்டினாள்.
முழங்காலையே பதிந்தேன்.
தலைப்பில்லாத நிரலில்
ஐந்து தொடக்கம் ஆறரை என்று எழுதினேன்.

உறுதி முடிய இன்னும் மூன்று கிழமை.
திரும்பும் வழியில் கல்வியங்காட்டுச் சந்தையில்
ஓட்டோவை நிறுத்திக் கயிறு கேட்டேன்.
"கிணறு எவ்வளவு ஆழம்?"
தெரியவில்லை. எட்டிப் பார்க்க மறந்திருந்தேன்.
இருபத்தைந்து முழம் தாங்கோ என்றேன்.
மிஞ்சினால் கொடி கட்டலாம்.