பதினெட்டு

எனக்கு ஏழு மொழிகளில்
ஒரே ஒரு சொல் தெரியும்.
வங்காளத்தில் ஆட்டாரோ.
ஒடியாவில் அட்டர.
தெலுங்கில் பத்தெனிமிதி.
மற்றபடி, தண்ணி வேணுமா என்று கேட்கக்கூட
பெரியமேட்டில் பை தைக்கும் ஷகிலுதீன் வரவேண்டும்.

ஹௌரா வண்டி
பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கும்.
அந்த இருபது நிமிடத்தில்
உள்ளே ஒத்திகை நடக்கும்.
உன் பேர் இது, இவர் சித்தப்பா,
வயசு கேட்டால்
ஆட்டாரோ.

சென்ட்ரலில் எனக்கு நாற்காலி கிடையாது.
எடை பார்க்கும் மெஷினுக்கும் பால் பூத்துக்கும் நடுவே
பதினோரு வருஷமாக நிற்கிறேன்.
யாரையோ வழியனுப்ப வந்தவள் என்றுதான்
போர்ட்டர்கள் முதலில் நினைத்தார்கள்.
இப்போது,
"இன்னா பிலோமிக்கா, மீன் சிக்குச்சா?"
காசிமேட்டுக்காரி என்பதால் அந்தக் கிண்டல்.
சிரித்துவைப்பேன்.
வலை என்னுடையதில்லை என்று
யாரிடம் போய் விளக்க?

இரண்டு வருஷம் முன்னால் ஒருத்தி.
பச்சைச் சுடிதார், புதுச் செருப்பு.
ஆதார் அட்டை பத்தொன்பது என்றது.
கான்ஸ்டபிள் பார்த்தார். நானும் பார்த்தேன்.
போகச் சொன்னோம்.
வாசலில் கடைசி இரண்டு படிகளை
அவள் நடக்கவில்லை,
தாவிக் குதித்தாள்.
நான் ஓடுவதற்குள் ஆட்டோ
வால்டாக்ஸ் ரோட்டில் திரும்பிவிட்டது.
நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தேழு.
இன்னும் பஸ்ஸில் கண்ணயரும்போது வரும்.

அதற்குப் பிறகு நான் வயது கேட்பதில்லை.

இன்று வந்தவளிடம்
ஷகிலுதீனை விட்டுக் கேட்டேன்,
ஐலா புயல் அடிச்சப்போ நீ எங்கே இருந்தே?

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள்.
இதற்கு அவன் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை.
கதை சொல்லும் குஷி வந்துவிட்டது அவளுக்கு.
ஊரே பள்ளிக்கூட மொட்டை மாடியில் மூன்று நாளாம்.
பசுமாட்டைக்கூட ஏற்றினார்களாம்.
"நான் அம்மா வயித்துல இருந்தேன்."

ஷகிலுதீன் சொல்லி முடிக்குமுன்
விரல் மடக்கத் தொடங்கியிருந்தேன்.
பதினாலில் விரல் நின்றது.
சித்தப்பா சிகரெட் வாங்கப் போகிறேன் என்றான்.
கான்ஸ்டபிள் கூடவே போனார்.

இனி வழக்கு.
வாய்தா, சாட்சி வரவில்லை,
நீதிபதி மாற்றல், மறுபடி வாய்தா.
தீர்ப்பு வருகிற நாளில்
அவளுக்கு நிஜமாகவே
பதினெட்டு ஆகியிருக்கும்.

கெல்லீஸ் போகும் வண்டியில்
பிஸ்கட்டை முழுசாகத் தின்றாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தபடியே
ஏதோ கேட்டாள், கோபமாக.
ஷகிலுதீன் குனிந்துகொண்டான்.
"ஒண்ணுமில்லக்கா."

அதில் ஹஜார் இருந்தது.
அதற்கு முன்னால் சார் இருந்தது.
அப்பா வாங்கிய நாலாயிரம்.

ஒரே ஒரு சொல் தெரியும் என்றேனே,
பொய்.