ஏழாவது மூட்டு

தார்கான் தொழிற்பள்ளி. ஜனவரி.
குழாய்ப் படிப்பின் கடைசி நாள்.
மதிப்பெண் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பது
என் வேலை.

பில்கூனின் கொதிகலனில் முகம் பார்க்கலாம்.
வண்ணம் இன்னும் காயவில்லை,
தேர்வாளர் விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது.
கசிவு: இல்லை. முழு மதிப்பெண்.

அடுத்து துங்கலாக்.
யார் வீட்டுச் சுவரையோ பெயர்த்து வந்தவள்போல்
ஒரு பலகை நிறையக் குழாய்கள், இரண்டு ரேடியேட்டர்,
எங்கிருந்தோ கழற்றிய பம்பு.
திறந்தாள்.
தண்ணீர் திரும்பும் இடமெல்லாம் காதால் தெரிந்தது.
எங்கும் சூடு.
ஏழாவது மூட்டில் மட்டும்
ஒரு சொட்டு.

அவள் துடைக்கவில்லை.
உப்புத் தேநீர் குடித்த கோப்பையை
அடியில் நகர்த்தி வைத்தாள்.

“தண்ணீரை வடித்துவிட்டு
மூன்று ராத்திரி வெளியே போட்டேன்.
மைனஸ் முப்பத்தொன்று.
பித்தளை ஒரு மாதிரி சுருங்குகிறது,
இரும்பு வேறு மாதிரி.
ஆறு மூட்டும் ஒத்துப்போயின, இது மட்டும் மனம் மாறிவிட்டது.
நேற்றே மாற்றியிருக்கலாம்.
அப்புறம் உங்களுக்கு எதைக் காட்டுவது?”

தாளில் இரண்டே கட்டங்கள்:
கசிவு உண்டு, இல்லை.
பேனா மூடியைக் கழற்றினேன்,
மறுபடி மாட்டினேன்.

சாப்பாட்டுக்குக் கிளம்பிய தேர்வாளர்
பச்சை விரலோடு வாசலில் திரும்பினார்.
“பில்கூன்,
உன்னுடையதை வெளியே வைத்தாயா?”

அவன் என்னைப் பார்த்தான்.
நான் கோப்பையைப் பார்த்தேன்.
அரை விரற்கடை நிறைந்திருந்தது.